கம்பர்வானுக்குப் பூசிய திருநீறு

மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரியும் வண்டியை என் கணவர் சிவபாதசுந்தரம் ஓட்டமாட்டார். சிவப்புக்கு எல்லோரும் நிற்பார்கள், மஞ்சளுக்கே நிற்பவன்தான் பொறியியலாளன் என்பது இவருடைய கொள்கை. சிட்னியில் நாங்கள் இருக்கும் செவன் ஹில்ஸில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். அங்கே யாரோ ஒரு மஞ்சள் விளக்கை அலட்சியம் செய்ததால் ஒருநாள் முழுவதும் கிறீம் இல்லாத கிறீம் பிஸ்கற் வெளியே வந்ததாம். அந்தக் கதையை நான் குறைந்தது நாற்பது தடவை கேட்டிருக்கிறேன்.

நான் தவநாயகி. முப்பது வருடம் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்தேன். உறையில் கண் பட்டவுடன் அது எந்தப் பெட்டிக்குப் போகவேண்டும் என்று கை முடிவுசெய்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழக்கம் போக இடமில்லாமல் பறவைகளில் வந்து நின்றது. நூலகத்தில் கூடும் பறவை பார்ப்போர் குழுவில் சேர்ந்தேன். குழுவில் எல்லோரும் பட்டியல் வைத்திருக்கிறார்கள். என் பட்டியலில் நூற்று எழுபத்தாறு பறவைகள் இருந்தன. சுவிஃப்ட் பரட் இல்லை.

சுவிஃப்ட் பரட் என்பது ஒரு பச்சைக் கிளி. கோடையில் டாஸ்மேனியாவில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வரும். எந்த மரம் பூக்கிறதோ அங்கே போகும். போன வருடம் வந்த இடத்துக்கு இந்த வருடமும் வரும் என்று சொல்ல முடியாது. மிச்சமிருப்பவை சில நூறுதான் என்கிறார்கள். எங்கள் குழுவில் அதைப் பார்த்தவர் ஒரே ஒருவர். கூட்டங்களில் அவர் மற்றவர்களை விடக் கொஞ்சம் உரத்த குரலில்தான் பேசுவார்.

சித்திரை மாதம் கம்பர்வான் வாங்கினோம். கட்டில், குசினி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. இவர் ஓடுவதற்காக வாங்கினார், நான் நிற்பதற்காக வாங்கினேன். கையெழுத்துப் போடும்போது இருவருக்கும் இது தோன்றவில்லை.

ஆடி மாதம், இங்கே நடுக்குளிர்காலம், முதல் பயணம். சிட்னியிலிருந்து மெல்பேணுக்குப் போய், அங்கே த பேசின் என்ற இடத்துக் கோயிலில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கரையோரமாகத் திரும்புவது. இவர் நேர அட்டவணை தட்டச்சுச் செய்து குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தார். பத்து நாள், பதினான்கு ஊர். விக்டோரியா எல்லையைத் தாண்டியதும் வரும் சில்டர்ன் என்ற சிறிய ஊரைச் சுற்றி அந்தக் கிளி விரும்புகிற மரங்கள் இருக்கின்றன. அதற்கு நேராக, 'வியாழன் இரவு தங்கல். வெள்ளி காலை எட்டு மணிக்குப் புறப்பாடு' என்று இருந்தது.

"எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் நான் கிளியை எப்ப பாக்கிறது?" என்று கேட்டேன்.

"ஏழு மணிக்கு வெளிச்சம் வந்திடும். ஒரு மணித்தியாலம் இருக்குத்தானே."

"கிளிக்கு உங்கட ரைம்ரேபிள் தெரியுமோ?"

"கிளி பிந்தினால் அது கிளியின்ர பிழை," என்றார் இவர்.

வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது முழுக்க முழுக்க அறியாமல் நடந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படியான வண்டிகள் தங்கும் கரவன் பார்க்கில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் தலைக்குத் தோய்ந்து, சாமிப்படத்தைக் கும்பிட்டு, எனக்குத் திருநீறு பூசி, இவருக்கும் பூசி, வெளியே வந்து வண்டிக்கும் பூசினேன். செவன் ஹில்ஸில் புறப்படும்போது இவர் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசித்து, திருநீற்றை வெறுமனே தூவித்தான் விட்டார். அது கோல்பேண் வருவதற்குள் காற்றோடு போய்விட்டது. நான் அப்படிச் செய்யவில்லை. தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்காலியில் ஏறி நின்று, முன்கண்ணாடியின் உச்சியில் நடுவிலே மூன்று விரலால் மூன்று குறி இழுத்து, சந்தனப் பொட்டும் வைத்தேன். வண்டிக்கு நெற்றி அதுதானே.

எட்டு மணிக்கு இவர் திறப்பைத் திருகினார். மஞ்சள் விளக்கு எரிந்தது. பக்கத்துச் சின்னத் திரையில், முன்பக்கப் பாதுகாப்பு உதவி இயங்கவில்லை, பணிமனையை நாடவும் என்று ஒரு வரி வந்து நின்றது.

இவர் எஞ்சினை நிறுத்தினார். மெதுவாகக் கையுறையைக் கழற்றினார். அந்த முகத்தில் கவலை இருந்ததாக என்னால் சத்தியம் பண்ண முடியாது.

"இண்டைக்கு வெளிக்கிட ஏலாது," என்றார்.

"ஐயோ, உங்கட ரைம்ரேபிள் என்னாகும்?" என்றேன். பைனாகுலர் என் கழுத்துக்கு எப்போது வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

ஊருக்கு வெளியே பழைய தங்கச் சுரங்கத்துக் குட்டை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி அயன்பாக் மரங்கள். கரிக்கட்டை போல ஆழமாக வெடித்த கறுத்த பட்டை, மேலே இளஞ்சிவப்பில் பூ. அன்றைக்கு ஆறு மணித்தியாலம் அங்கே நின்றேன். நெஞ்சு சிவந்த ராபின் ஒன்று, தலை தெரியாமல் தொங்கித் தேன் குடிக்கும் குருவிகள் இரண்டு வகை. பட்டியல் நூற்று எழுபத்தொன்பது ஆயிற்று. வங்கரட்டாவிலிருந்து வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, சுவிஃப்ட் பரட் கூட்டமொன்று இருபது கிலோமீற்றர் தள்ளி, போன கிழமை நின்றதாகவும், அங்கே பூ முடிந்தால் இங்கேதான் வரவேண்டும் என்றும் சொன்னார். இன்றைக்கும் வரலாம், அடுத்த கிழமையும் வரலாம்.

திரும்பி வந்தபோது இவர் பற்றரியின் முனைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கறுப்பு மை. இருபத்தெட்டு வருடத்து உற்சாகம் திரும்பியிருந்தது.

சனிக்கிழமை காலை கண்ணாடியெல்லாம் பனிநீர். இவர் திறப்பைத் திருகி, வைப்பரை நாலு தடவை ஓடவிட்டார். விளக்கு எரியவில்லை.

"பாத்தீரோ? பற்றரி முனையில ஊத்தை. அவ்வளவுதான். துடைச்சன், போயிட்டுது."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். உச்சியில் இருந்த மூன்று குறியும் போய், வைப்பர் போன வழியில் பால் கழுவியதுபோல ஒரு வளைவு இருந்தது. தபால் நிலையத்தில் ஒரு கடிதம் பெட்டி மாறி விழுந்தால், எங்கே மாறியது என்று பின்னோக்கி நடந்து பார்ப்பதுதான் முறை. வியாழன் திருநீறு இல்லை, விளக்கும் இல்லை. வெள்ளி திருநீறு இருந்தது, விளக்கும் இருந்தது. சனி இரண்டும் இல்லை. கிட்டப் போய் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு உட்புறம், நான் குறி இழுத்த அதே இடத்தில், ஒரு கறுத்த பெட்டி. அதற்குள் வட்டமாக ஒரு கமெரா. வண்டி பாதையைப் பார்க்கிற கண். நான் நெற்றி என்று நினைத்துக் கண்ணுக்குப் பூசியிருக்கிறேன்.

இதை உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாயைத் திறந்தும்விட்டேன்.

"பத்து நிமிசத்தில வெளிக்கிடுவம்," என்றார் இவர். "நேற்றுப் போன நேரத்தைப் பிடிக்கவேணும். ரெண்டு ஊரை வெட்டிப்போட்டன். இண்டைக்கு அறுநூறு கிலோமீற்றர்."

திறந்த வாயால் வேறொன்றைச் சொன்னேன். "தூரப் பயணம். ஒருக்கா கக்கூசுக்குப் போட்டு வாங்கோ."

இவர் பார்க்கின் பொதுக் கழிப்பறைப் பக்கம் நடந்தார். வண்டிக்குள் இருப்பதை அவசரத்துக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்பதும் இவருடைய சட்டம். நான் முக்காலியை எடுத்தேன்.

அன்றும் மஞ்சள். ஞாயிறும் மஞ்சள். காலையில் எழுந்து சாமி கும்பிடுகிற மனிசியை யார் சந்தேகிப்பார்கள். இவர் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாரதி இருக்கைக்குக் கீழே முதுகைக் கொடுத்துப் படுத்து வயர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் நேரத்துக்குத் தேநீர் கொடுத்தேன், இடையில் குட்டைக்குப் போய் வந்தேன். நூற்று எண்பத்தொன்று.

ஞாயிறு மத்தியானம் மட்டும் ஒருதரம் பிடிபடப் பார்த்தேன். வண்டியின் கைநூலை விரலால் கோடு பிடித்து வாசித்துக்கொண்டிருந்தவர், "முன்கண்ணாடி சுத்தமாயிருக்குதோ எண்டு பாக்கச் சொல்லியிருக்கு," என்றார்.

"அதெல்லாம் சும்மா எழுதிறது," என்றேன்.

"சும்மா எழுதமாட்டாங்கள்."

ஒரு வாளி சுடுதண்ணீரும் மென்துணியும் எடுத்துப் போனார். கீழே தொடங்கி, வலம் இடமாக, ஓரங்கள் வரை துடைத்தார். திருநீற்றுக்குக் கிட்ட வந்ததும் துணியை வைத்துவிட்டுக் காது துடைக்கும் பஞ்சுக்குச்சி கேட்டார். குறிகள் கலையாமல் சுற்றிவர ஒற்றி ஒற்றித் துடைத்தார். பிறகு இறங்கி நின்று பார்த்தார்.

"நல்ல வடிவாப் பூசியிருக்கிறீர்," என்றார். "மூண்டு குறியும் நூல் பிடிச்ச மாதிரி."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

திங்கட்கிழமை வொடொங்காவிலிருந்து வாகனம் திருத்துபவரை வரவழைத்தார். இடத்துக்கு வந்து திருத்துகிற ஆள். தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசியவர், வந்து இறங்கி எங்கள் நெற்றிகளைப் பார்த்ததும், "வணக்கம் அங்கிள், வணக்கம் அன்ரி," என்றார். பெயர் சுஜீதன். ஊர் மன்னார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், காதோரம் நரை, கழுத்தில் சின்னச் சிலுவை. படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்து, இப்போது தற்காலிக விசாவில் இந்தப் பக்கத்துப் பண்ணைகளின் உழவு இயந்திரங்களையெல்லாம் திருத்துகிறவர்.

இவர் தான் செய்த சோதனைகளை வெள்ளியிலிருந்து வரிசையாகச் சொல்லி முடிக்கக் கால் மணித்தியாலம் ஆயிற்று. சுஜீதன் எல்லாவற்றுக்கும் "ஓம் அங்கிள், ஓம் அங்கிள்" என்றார். கண் மட்டும் கண்ணாடியின் உச்சியில் நின்றது. பிறகு, இவர் கருவியொன்றை எடுக்க உள்ளே போன நேரம், என் பக்கம் வந்தார்.

"அன்ரி, உந்தத் திருநீற்றை ஒருக்கா நீங்கள் துடைச்சு விடுங்கோ."

"ஏன், நீர் துடைக்கிறது."

"நான் வேதக்காரன். உங்கட திருநீற்றில நான் கை வைச்சா நல்லாயிராது." குரலைத் தாழ்த்தினார். "கண்ணுக்கு முன்னால ரெண்டு மில்லிமீற்றர் தடிப்பில பூசியிருக்கிறியள். எத்தினை நாளாப் பூசுறியள்?"

"வெள்ளியிலயிருந்து."

"காலமையில மட்டுமோ?"

என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்தார், குட்டைப் பக்கம் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். அவருடைய மீசை ஒரு பக்கமாக அசைந்தது.

"என்ன பாக்கிறியள் அங்க?"

"ஒரு கிளி. இன்னும் வரேல்லை. தம்பி, கொஞ்சம் ஆறுதலா, அவசரப்படாமல் செய்யுமன்."

"பொய் சொல்லமாட்டன் அன்ரி. ஆனா ஆறுதலாச் செய்வன். வில்லாவுட்டில ரெண்டு வருசம் இருந்தனான். ஆறுதலா இருக்கிறதை எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை."

ஆறுதலாகத்தான் செய்தார். நானும் திருநீற்றைத் துடைக்கவில்லை. பொனற்றைத் திறந்தார், மூடினார், கணினியைச் செருகினார், கழற்றினார், நான் கொடுத்த புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் உட்கார்ந்து சாப்பிட்டார். கடைசியில் இவரிடம், "அங்கிள், வானில ஒரு பழுதும் இல்லை," என்றார். உண்மையைத்தான் சொன்னார். போகும்போது என்னிடம், "கெதியாச் சொல்லிப்போடுங்கோ அன்ரி, பாவம் அந்தாள்," என்றார்.

அந்த உண்மைதான் எல்லாவற்றையும் குழப்பியது. பழுது இருக்கிறது என்று சொல்லியிருந்தால் இவர் இன்னும் பத்து நாள் சந்தோஷமாகத் தேடியிருப்பார். பழுது இல்லை, ஆனால் விளக்கு எரிகிறது என்றதும் இவர் முகம் வேறாகிவிட்டது. மடிக்கதிரையில் அரை மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பிறகு கைபேசியை எடுத்தார். நான் குசினித் தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். யன்னல் திறந்திருந்தது.

"அரியம், நான் சிவம் கதைக்கிறன். நீ உந்த வானைக் கேட்டனியெல்லே. வந்து எடு... ஓம், விக்கத்தான்... இல்லையடா, விலையைப் பேந்து கதைப்பம். காரணம் தெரிஞ்ச பழுதெண்டால் திருத்தலாம். இது காரணமில்லாத பழுது. நடுவழியில நிண்டுதெண்டால் இந்தக் குளிருக்குள்ள இவவை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது... ஓம். சொன்னா சொன்னதுதான்."

கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

அரியரத்தினம் இவரோடு ஒரே வகுப்பில் படித்தவர், மெல்பேண்காரர். நாங்கள் வண்டி வாங்கிய அன்றே படத்தைப் பார்த்துவிட்டு, "எப்ப விக்கிறாய்?" என்று கேட்டவர். மீன் பிடிக்கப் போவதற்கு. புதன்கிழமை காலை ரெயிலில் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போவதாக முடிவாகியது. இவர் கொடுத்த வாக்கை மாற்றமாட்டார். மஞ்சள் விளக்கை விடக் கடுமையான சட்டம் அது. வண்டி போனால் என் குட்டையும் போயிற்று, இனி வரப்போகும் எல்லாக் குளிர்காலமும் போயிற்று. செவன் ஹில்ஸில் வேலியில் குந்தும் மைனாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மூன்று தடவை சொல்லப் போனேன். முதல் தடவை இவர் வண்டியின் அலுமாரிகளை வெறுமையாக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை குளிர்பெட்டியிலிருந்து அட்டவணையை உரித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை, "நாயகி, நீர் கிளியைப் பாக்கேல்லை. அதுதான் எனக்குக் கவலை," என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது.

புதன்கிழமை காலை சொன்னேன். சொல்லவில்லை, செய்து காட்டினேன். இவரைச் சாரதி இருக்கையில் இருத்திவிட்டு, "ஸ்ராற் பண்ணுங்கோ," என்றேன். மஞ்சள். ஈரத்துணியோடு முக்காலியில் ஏறி உச்சியைத் துடைத்தேன். "நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப ஸ்ராற் பண்ணுங்கோ."

விளக்கு இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் நான். இவர் இறங்கி வந்து, நிமிர்ந்து அந்தக் கறுத்த பெட்டியைப் பார்த்தார்.

"எத்தினை நாளா?"

"வெள்ளி தெரியாமல். சனியிலயிருந்து தெரிஞ்சு."

"ஞாயிற்றுக்கிழமை நான் பஞ்சுக்குச்சியால துடைச்சனான்."

"ஓம். பாத்துக்கொண்டு நிண்டனான்."

"சீற்றுக்குக் கீழ படுத்துக் கிடந்தனான்."

"தேத்தண்ணி தந்தனான்தானே."

இவர் என்னைப் பார்த்த பார்வையில், திருமணமாகி நாற்பத்து நான்கு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு சக தொழிலாளிக்குரிய மரியாதை இருந்தது. பிறகு மூச்சை நீளமாக விட்டார்.

"அப்ப காரணம் இருக்கு," என்றார். "நல்லகாலம். காரணமில்லாமல் ஒரு பழுதும் வராதெண்டு எனக்குத் தெரியும்." உடனே முகம் விழுந்தது. "ஆனா அரியத்துக்குச் சொல்லிப்போட்டனே."

"வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"சொன்ன சொல்லை என்னெண்டு மாத்திறது? அதோட அவன் ரெயிலில ஏறியிட்டான்."

பத்தரை மணி போல அரியரத்தினம் கம்பளித் தொப்பியோடும் தூண்டில் பையோடும் நிலையத்திலிருந்து நடந்து வந்தார். வண்டியை இரண்டு தடவை சுற்றினார். ரயரை உதைத்தார். உள்ளே ஏறி ஸ்ராற் பண்ணினார்.

"என்னடா சிவம், லைற் ஒண்டும் எரியேல்லையே?"

இங்கே ஒரு சின்னப் பொய் போதும். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் வானத்தைப் பார்த்தார்.

"கமெராவில திருநீறு இருந்தது. துடைச்சாச்சு," என்றார். முழு உண்மை. இந்த மனிசனோடு நான் என்ன செய்வது.

அரியரத்தினம் தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்ப வான் நல்ல வான். திறப்பைத் தா மச்சான். சொன்னா சொன்னதுதானே?"

"சொன்னா சொன்னதுதான்," என்றார் இவர். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் யோசித்தார். பிஸ்கற் தொழிற்சாலையில் பெரிய இயந்திரம் நின்றால் இப்படித்தான் நின்றிருப்பார். "தாறன். ஆனா எப்ப எண்டு சொல்லேல்லையே. மனுசி இஞ்ச ஒரு கிளி பாக்க வந்தவ. அவ அதைப் பாத்த நேரத்தில இருந்து வான் உன்ர."

"ஒரு கிளிதானே? இண்டைக்கே பாத்துப்போட்டு இண்டைக்கே கொண்டு போறன். நான் பாக்கிறன் தங்கச்சி, நீங்கள் பேசாமல் இருங்கோ."

அன்றைக்கு அந்தக் குட்டையடியில் அரியரத்தினத்தைப் போல உழைத்த பறவை பார்ப்பவர் வேறொருவர் இல்லை. என் மடிக்கதிரையைப் பிடுங்கி மரத்தடியில் போட்டுக்கொண்டார். சிறகுள்ள எதையும் விடவில்லை.

"தங்கச்சி, அந்தா, உதோ?"

"அது மக்பை அண்ணை. கறுப்பு வெள்ளை. கிளி பச்சை."

"உது பச்சை."

"அது இலை."

"அந்தக் கொண்டை வைச்சது?"

"கொக்கற்று. உங்கட மெல்பேணில கூரையெல்லாம் அதுதானே."

இவர் சற்றுத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் பறவைப் புத்தகத்தை வாங்கில் விரித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். மனிதர் எதை வாசித்தாலும் கைநூல் வாசிப்பதுபோல முதற்பக்கத்திலிருந்துதான். மூன்று மணிக்கெல்லாம் கிளிகள் வரை வந்திருந்தார்.

நாலு மணி இருக்கும். வெயில் சரிந்து பூக்களின் மேல் விழுந்தது. வடக்கிலிருந்து மிக வேகமாக எதுவோ வந்தது. பதினைந்தோ பதினாறோ, அம்பு விட்டாற்போல, ஒரே திருப்பத்தில் எங்கள் தலைக்கு நேர் மேலேயுள்ள மரத்தில் இறங்கின. சின்னக் கண்ணாடிக் குப்பிகளை ஒன்றோடொன்று தட்டுகிற மாதிரிச் சத்தம். பைனாகுலரை எடுத்தேன். சொண்டைச் சுற்றிச் சிவப்பு, அதன் ஓரத்தில் மஞ்சள், சிறகை விரித்தபோது உள்ளே இரத்தச் சிவப்பு, ஊசி போல நீண்ட வால். ஒன்று தலைகீழாகத் தொங்கிப் பூவுக்குள் முகத்தை விட்டது.

"தங்கச்சி," அரியரத்தினம் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "பச்சை. சிவப்புமிருக்கு. உதுதானே?"

நூற்று எண்பத்திரண்டு. எங்கள் குழுவில் இரண்டாவது ஆள். அடுத்த கூட்டத்தில் நானும் உரத்த குரலில் பேசலாம். ஒரு சொல், ஓம் என்று ஒரேயொரு சொல். பைனாகுலரைக் கீழே இறக்கினேன்.

"இல்லை அண்ணை," என்றேன். "அது லொறிகீற், வேற சாதிக் கிளி. பச்சையும் சிவப்புமாய் ஒரே மாதிரித்தான் இருக்கும். எல்லாரும் ஏமாறுறது இதில."

அரியரத்தினம் என்னை நம்பவில்லை. நேரே இவரிடம் திரும்பினார். "சிவம், நீ பொய் சொல்லமாட்டாய். நீ பார்."

இவர் என் கையிலிருந்து பைனாகுலரை வாங்கினார். திருகி, சரி செய்து, நீண்ட நேரம் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். படத்தில் விரலை வைத்துக்கொண்டு மீண்டும் மரத்தைப் பார்த்தார். அந்த விரல் எந்தப் படத்தின் மேல் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

"லொறிகீற்," என்றார்.

புத்தகத்தை மூடினார்.

பின்னேர ரெயிலுக்கு அரியரத்தினத்தை நாங்கள் இருவருமே வண்டியில் கொண்டுபோய் விட்டோம். கிழமைக்கொரு தடவை கூப்பிட்டுக் கிளி வந்ததா என்று கேட்பேன் என்றார். கேளுங்கோ அண்ணை, அது அருமையாய், எப்பவாவதுதான் வரும் என்றேன். ரெயில் போன பிறகு வண்டிக்குள் வந்து இருந்தோம். இவர் ஸ்ராற் பண்ணாமல் கொஞ்ச நேரம் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லொறிகீற்றுக்கு," என்றார் கடைசியில், "வால் கொஞ்சம் நீளமாயிருந்தது, என்ன?"

"ஓம்," என்றேன். "கொஞ்சம் நீளம்தான்."